அந்தப் பத்தியைப் பிள்ளைகளே எழுதட்டும்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு,



பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டாவது உரைநடைப் பாடம் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘எ நைஸ் கப் ஆஃப் டீ’. வருடா வருடம் அதை நடத்துகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. 1946 ஜனவரியில் லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் வந்த சின்னக் கட்டுரை அது. போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேயிலைக்கு ரேஷன், 1952 வரைக்கும் அந்த ரேஷன் நீங்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, நல்ல டீ போடுவது எப்படி என்று பதினோரு விதி எழுதுகிறார். தேயிலை போடும் பாத்திரத்தை முதலில் சூடு பண்ண வேண்டும். அந்தப் பாத்திரம்தான் கொதிக்கிற கெட்டிலைத் தேடிப் போக வேண்டும், கெட்டில் பாத்திரத்தைத் தேடி வரக் கூடாது. பாலை அப்புறம்தான் ஊற்ற வேண்டும். சர்க்கரை கூடவே கூடாது. சர்க்கரை போட்டுக் குடிக்கிறவரோடு மனிதர் சண்டைக்கே வருகிறார். ஒரு கோப்பை டீக்கு இத்தனை பிடிவாதமா என்று படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே, நம் வீட்டில் டீ எப்படிப் போடுகிறோம் என்று யோசிக்கவும் தொடங்கிவிடுவார்.

இந்தப் பாடத்துக்கு நம் பிள்ளைகள் எழுதும் ஐந்து மதிப்பெண் பத்தியை நினைத்துப் பாருங்கள். முன்னுரை என்று அடிக்கோடிட்ட ஒரு தலைப்பு. ஆர்வெல் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் என்று ஒரு வரி. பிறகு பதினோரு விதிகளும் வரிசையாக. கடைசியில் முடிவுரை என்ற தலைப்பின் கீழ், தேநீர் புத்துணர்ச்சி தரும் பானம் என்று ஒரு வரி. ஆர்வெலின் பிடிவாதம் அதில் இருக்காது. எழுதுகிற பிள்ளையும் அதில் இருக்காது. காலையில் அந்தப் பிள்ளை வீட்டில் குடித்துவிட்டு வந்த டீயைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்காகத்தான். பல காலம் தென்மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன்: வினாத்தாளில் பிள்ளை தன் மனத்தில் உள்ளதைச் சொல்லக் கிடைக்கிற இடம் அந்தப் பத்தி ஒன்றுதான், அதை கைடுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 35 மதிப்பெண் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்குத்தான் போகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புவதிலும் வினைச்சொல்லைத் திருத்துவதிலும் பிள்ளைக்கென்று ஒரு கருத்து இருக்க வழியில்லை. பத்தியில் இருக்கலாம். நாம் இடம் விட்டால் இருக்கும்.

2018, 2019இல் வந்த நம்முடைய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை நான் உண்மையாகவே நேசிக்கிறேன். அவற்றைத் தொகுத்தவர்களுக்குக் கட்டுரை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. ஆர்வெல் இருக்கிறார். ஏ.ஜி. கார்டினர் இருக்கிறார். ராபர்ட் லிண்ட், ஈ.வி. லூகாஸ் இருக்கிறார்கள். போன நூற்றாண்டின் முற்பாதியில் பத்திரிகைகளில் வாரம் தவறாமல் அன்றாட விஷயங்களை எழுதிப் பிழைத்தவர்கள் இவர்கள். மறதியைப் பற்றி லிண்ட் எழுதுகிறார். ரயிலில் பயணிகள் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் விற்பனைக்கு வருகிற பட்டியலிலிருந்து தொடங்குகிறார். கையில் காசில்லாமல் ஏல மண்டபத்தில் விலை கேட்டு மாட்டிக்கொண்ட கதையை லூகாஸ் சொல்கிறார். சுதந்திரம் என்றால் என்ன என்று பேச வந்த கார்டினர், பெட்ரோகிராட் நகரத்துத் தெரு நடுவே கூடையோடு நடக்கிற ஒரு குண்டுக் கிழவியை முதலில் நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஓரமாகப் போ அம்மா என்று சொன்னால், இப்போதுதான் விடுதலை கிடைத்துவிட்டதே, இஷ்டப்பட்ட இடத்தில் நடப்பேன் என்கிறாள் அவள். அந்த ஒரு கிழவி வந்ததும் விஷயம் முழுக்க விளங்கிவிடுகிறது.

அதே வகுப்பில் அதே பிள்ளைக்குச் சாலைப் பாதுகாப்பு என்று ஒரு பொதுக்கட்டுரை தருகிறோம். ‘ரோட் சேஃப்டி இஸ் வெரி இம்பார்ட்டன்ட் இன் அவர் லைஃப்’ என்று அது தொடங்குகிறது. ஹெல்மெட் அணிய வேண்டும், சிக்னலை மதிக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பத்து வரி. மனிதர் ஒருவர்கூட அந்தக் கட்டுரைக்குள் நடமாடுவதில்லை. பள்ளிக்கு எதிரே நான்குவழிச் சாலையைத் தினமும் கைபிடித்துக் கடக்கிற பிள்ளை அதை எழுதுகிறது. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற பைக்கை அதற்குத் தெரியும். பஸ் படிக்கட்டில் தொங்கிய அண்ணனைத் தெரியும். கார்டினரைப் பாடமாக வைத்திருக்கிறோம், ஆனால் கார்டினர் செய்ததைப் பிள்ளைகள் செய்துபார்க்க விடுவதில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு நான் சொல்லப் போவது தெரியும். ஒரு கட்டு விடைத்தாளைப் பிரித்தால் முதல் பத்தியிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே வாக்கியங்கள். கைடில் அச்சுப்பிழை இருந்தால் அந்தப் பிழையும் வரிசையாக வரும். கட்டு முழுக்க ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருக்கும். ‘சின்ஸியர்’ என்ற சொல்லை அப்படி ஒரு கட்டில் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அத்தனை பிள்ளைகளும் ராத்திரி கண்விழித்து, சத்தம் போட்டுப் படித்து, அந்தப் பிழையை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அந்த உழைப்பை எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதுதான் கேள்வி.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஐம்பது பேர் உள்ள வகுப்பு. இடையில் எமிஸ் இணையதளப் பதிவு, பயிற்சி, தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல். தேர்ச்சி விகிதக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்பவர் நீங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று மினிமம் மெட்டீரியல் தயாரித்து, நான்கு பத்தியை எப்படியாவது மனப்பாடம் செய்ய வைத்து, 35 வாங்க வைத்து, மேலே அனுப்பியிருக்கிறீர்கள். அப்படித் தேறிப்போன பிள்ளைகள் இன்று ஐடிஐ முடித்து, நர்சிங் முடித்து, வேலையில் இருக்கிறார்கள். அதைச் சின்னக் காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடைசிப் பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைக்கு மார்ச் மாதத்தில் மனப்பாடம் ஒரு வழி, இருக்கட்டும். ஆனால் ஜூன் மாதமே, வகுப்பில் உள்ள எல்லோருக்கும் அதையே வழியாக்கிவிட்டோம். நன்றாக எழுதக்கூடிய பிள்ளைக்கும் அதே நோட்ஸ்தான். சென்டம் வாங்க வேண்டியவள், தேறினால் போதும் என்று இருப்பவன், இருவருமே ஒரே பத்தியைத்தான் சுமக்கிறார்கள்.

தேர்வு என்ற கணக்கில் பார்த்தாலும் மனப்பாடம் நம்பகமானது இல்லை. மூன்றாவது வரி மறந்துபோனால் நான்காவது வரி வராது. தேர்வறையில் கண்காணிப்பாளராக நடந்துகொண்டே பார்த்திருப்பீர்கள்: இரண்டு வரி எழுதிவிட்டுப் பிள்ளை மேலே மின்விசிறியைப் பார்க்கும், உதடு அசையும், மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும். விஷயம் தெரிந்து எழுதுகிற பிள்ளைக்கு ஒரு சொல் மறந்தால் இன்னொரு சொல் கிடைக்கும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு சொல் போனால் ஐந்து மதிப்பெண்ணும் போகும்.

இலக்கியப் பாடங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது இந்த இடம்தான்.

கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதை பன்னிரண்டாம் வகுப்பில் ‘தி சேர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நாற்காலியே இல்லாத ஒரு கிராமத்து வீட்டுக்கு நாற்காலி வருகிறது. பிறகு ஊரில் யார் இறந்தாலும் பிணத்தை உட்கார வைக்க அந்த நாற்காலியைக் கேட்டு ஆள் வருகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் உட்காரவே பயம். இடைசெவல்காரரான கி.ரா. தமிழில், கரிசல் பேச்சில் எழுதியது. கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அவர்கள் தெருவில் நடந்த கதை. துட்டி வீட்டில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த தாத்தாவைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த நாற்காலியை அப்புறம் என்ன செய்தார்கள், கழுவினார்களா, வெயிலில் போட்டார்களா, மறுநாள் யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் வகுப்பே ஒரே நேரத்தில் பேசும். இந்தப் பிள்ளைகளும், எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு அந்தக் கதையைச் சுருக்கியவர் எழுதிய பத்தியைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். தன் வீட்டுக் கதையை இரவல் வாங்கி எழுதும்படி ஒரு பிள்ளையை நாம் பழக்குகிறோம். இது நியாயமா?

அவர்களை விட்டுப் பாருங்கள். ‘இன் மை கிராண்ட்ஃபாதர் டெத், சேர் கேம் ஃப்ரம் டீக்கடை’ என்று ஒரு பையன் எனக்கு எழுதிக் கொடுத்தான். இலக்கணம் ஒரு பக்கம் கிடக்கிறது. கி.ரா. கதைக்கு அந்த ஒரு வரியைவிட நல்ல விளக்கம் எந்த கைடிலும் நான் படித்ததில்லை. கிராமத்தில் நாற்காலி பொதுச் சொத்தாவது எப்படி, சாவு வீட்டுக்கு வேண்டியதை ஊர் எப்படித் திரட்டிக் கொடுக்கிறது என்று அவனிடம் மேலே பேச அந்த வரி எனக்கு வழிவிட்டது. இரண்டாவது தடவை எழுதும்போது வாக்கியத்தையும் அவனே சரிசெய்தான்.

தோரு தத்தின் ‘அவர் கேசுவரினா ட்ரீ’ இருக்கிறது. கல்கத்தாவில் 1856இல் பிறந்து இருபத்தொரு வயதில் இறந்துபோன பெண். அண்ணனும் அக்காளும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களோடு விளையாடிய சவுக்கு மரத்தை நினைத்து எழுதிய கவிதை அது. இதைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வகுப்பில் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தபோது அந்தப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள். விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்பு தரையில் படுத்துக் கிடந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா தோப்புக்குள் போகாமல் வரப்பிலேயே நின்றது நினைவிருக்கும். ஒரு மரத்தின் மேல் மனிதர்களுக்கு ஏன் இத்தனை பாசம் என்று தோரு தத் சொல்வதை அந்தப் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டு மரம் ஒன்றைப் பற்றி எழுதிவிட்டு, பிறகு கவிதைக்கு வா என்று சொன்னால் போதும். மலைப்பாம்பு போல் மரத்தைச் சுற்றிய கொடி, உச்சியில் உட்கார்ந்த குரங்கு எல்லாம் அதற்கப்புறம் தானாக மனத்தில் நிற்கும்.

க்ரோனினின் ‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’ கதையில் வரும் நிக்கோலாவும் ஜக்கோப்போவும் பழம் விற்று, ஷூ துடைத்து, ராத்திரி கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்து பேப்பர் விற்று, அக்காளின் வைத்தியத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை. பையன்களுடைய தன்னலமற்ற குணம் உலகத்துக்கு நம்பிக்கை தருகிறது என்று எழுதினால் முழு மதிப்பெண். முகூர்த்த நாளில் உங்கள் வகுப்பில் எத்தனை பையன்கள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். பந்தி பரிமாறிவிட்டு, இலை எடுத்துவிட்டு, மறுநாள் காய்ச்சல் என்று சொல்வார்கள். ஏன் சொல்ல மறுக்கிறார்கள் என்பதை எந்தக் கைடு ஆசிரியரைவிடவும் அவர்கள் நன்றாக அறிவார்கள். நிக்கோலா ஏன் தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை என்று மட்டும் ஒரு கேள்வி போட்டுவிட்டு, தன்னைப் பற்றி எழுதச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். எழுத விருப்பம் உள்ளவன் எழுதுவான். எழுதாதவனுடைய மௌனத்தையும் நாம் மதிக்க வேண்டும். அந்தரங்கத்தைப் பிடுங்குகிற வேலை கட்டுரை வகுப்பில் வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் அல்ஃபோன்ஸ் தோதேயின் ‘தி லாஸ்ட் லெசன்’. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்ற பிறகு, அல்சேஸில் இனி ஜெர்மன் மொழிதான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்த நாளில் நடக்கிற கதை. மொழிக்காகத் தெருவில் இறங்கிய தாத்தாக்கள் உள்ள மாநிலத்தில் அதை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள் நம் பிள்ளைகள். கதையில் வரும் ஹாமல் வாத்தியாரின் குணநலன்களைப் பட்டியலிடு என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாமா?

தேயிலைக்கு மறுபடி போகிறேன். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலைதான் வேண்டும் என்பது ஆர்வெலின் முதல் விதி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அந்தக் குடும்பங்களின் பேத்திகள் இன்று அந்த ஊர்களின் அரசுப் பள்ளிகளில் ஆர்வெலைப் படிக்கிறார்கள். 1946இல் லண்டனில் கெட்டில் கொதித்தபோது அந்தக் கொழுந்தைக் கிள்ளியவள் அவர்கள் பூட்டியாகவே இருந்திருக்கலாம். ‘ஆர்வெல் சொல்லாமல் விட்ட பன்னிரண்டாவது விதி என்ன?’ என்று அந்த வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் எப்படிக் கிள்ளுவது, அட்டை கடித்தால் என்ன செய்வது, எடை போடும் இடத்தில் என்ன கழிப்பார்கள் என்று அவர்கள் எழுதுவார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் பாய்லர் டீக்கடையை எழுதுவார்கள். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி என்று வரிசையாக ஆர்டர் கேட்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல் யாருக்கு எது என்று தவறாமல் நீட்டுகிற மாஸ்டரை எழுதுவார்கள். ஆர்வெலிடம் கற்க வேண்டியது அந்தப் பிடிவாதத்தையும் உற்றுப் பார்ப்பதையும்தான். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பதினோரு விதியில் எட்டு நினைவிருந்தால் போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியமே சரியாக வராதே டீச்சர், சொந்தமாக எப்படி எழுதுவார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது நியாயமான கேள்வி. பிழை வரும். நிறைய வரும். ஆனால் பிழையில்லாத இரவல் வாக்கியத்தை எத்தனை தடவை நகலெடுத்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது. அதைப் பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் ஒரு விண்ணப்பம் எழுதத் தடுமாறுகிற எத்தனையோ பேரிடம் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகமெங்கும் படிக்கப்பட்ட ஆர்.கே. நாராயண், சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தோற்றவர். தன் நினைவுக் குறிப்புகளில் அதை அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரானபோது அவர் பேசியது பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றி. அவருடைய ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935இல் வந்தது. அதில் உள்ள வாக்கியங்கள் எவ்வளவு சின்னவை, எவ்வளவு சாதாரணச் சொற்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். பெரிய சொல் போட்டால்தான் ஆங்கிலம் என்ற பயம் அதிலேயே பாதி போய்விடும்.

இப்போது இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. தலைப்பைச் சொன்னால் கைபேசியே கட்டுரை எழுதித் தருகிறது. கைடைவிட நல்ல ஆங்கிலத்தில் தருகிறது. வீட்டுப்பாடமாகக் கொடுத்த கட்டுரைகள் திடீரென்று பிழையில்லாமல் வரத் தொடங்கியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பொதுத் தலைப்பில் பொதுவான கட்டுரை கேட்கிற வரைக்கும் இதைத் தடுக்க முடியாது. நேற்று ரேஷன் கடை வரிசையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேளுங்கள். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பிலேயே, தாளில், பேனாவால் எழுத வையுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு பாட வேளை போதும். முதல் பத்து நிமிடம் தமிழில் பேச விடுங்கள். இதற்குத் தயங்காதீர்கள். ஆங்கில வகுப்பில் தமிழா என்று யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், சொல்ல விஷயம் இல்லாமல் எந்த மொழியிலும் எழுத முடியாது என்று சொல்லுங்கள். பேச்சில் வந்த சொற்களுக்கு ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கிடைக்காத சொல்லைத் தமிழிலேயே எழுதட்டும்; பந்தியும் துட்டியும் அப்படியே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பிறகு எட்டு வாக்கியம். எட்டுக்கு மேல் வேண்டாம். முன்னுரை, முடிவுரை என்ற தலைப்புகள் வேண்டாம். மனமுண்டானால் மார்க்கமுண்டு என்பதன் ஆங்கில வடிவத்தைக் கடைசி வரியாகப் போடும் பழக்கத்தை முதல் வாரமே நிறுத்திவிடுங்கள். எந்தத் தலைப்பு தந்தாலும் அந்த வரியிலேயே போய் முடிகிற கட்டுரைகளைப் படித்துப் படித்து நாமும் சலித்துவிட்டோம்.

தலைப்பைச் சின்னதாகத் தாருங்கள். ‘என் அம்மா’ வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எங்கள் அடுப்படி என்று தாருங்கள். ‘என் பள்ளி’ வேண்டாம். மணி அடித்ததும் வகுப்பறையில் மிச்சம் கிடக்கும் பொருள்கள் என்று தாருங்கள். லிண்டின் பாடத்தை நடத்திய வாரத்தில் அது நன்றாக எடுபடும். தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, டிபன் பாக்ஸ் மூடி என்று பட்டியல் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றும் யாருடையது என்று கதை கட்டுவார்கள். ‘செய்தித்தாள் வாசிப்பின் நன்மைகள்’ வேண்டாம். டீக்கடையில் பேப்பரை முதலில் யார் எடுக்கிறார், எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறார் என்று பார்த்து வரச் சொல்லுங்கள். மழை, பஸ், பரீட்சைக்கு முந்தின ராத்திரி, பக்கத்து வீட்டு நாய், முடிவெட்டும் கடை.

திருத்துவதுதான் மலைப்பு. ஐம்பது நோட்டில் ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் வளைத்தால் உங்களுக்குக் கண் போகும், பிள்ளைக்கு மனம் உடையும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் இறந்தகால வினை. அடுத்த வாரம் ‘எ’, ‘ஆன்’, ‘தி’. மற்றதை இந்த வாரம் பார்க்காதது போல் விட்டுவிடலாம். அவை எங்கும் ஓடிவிடாது, அடுத்தடுத்த வாரம் அவற்றுக்கும் முறை வரும். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு நல்ல வாக்கியத்தைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அது எவ்வளவு பிழையோடு இருந்தாலும், பார்த்து எழுதியதாக இருந்தால் நல்ல வாக்கியம்தான். வாரத்துக்கு நான்கைந்து பேருடைய வாக்கியங்களை வகுப்பில் சத்தமாக வாசியுங்கள், முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுடையதை மட்டும் வாசிக்காதீர்கள். தன் வரியை ஆசிரியர் வாயால் கேட்ட பிள்ளை அடுத்த வாரம் நோட்டை முதலில் நீட்டும்.

அரையாண்டு வரை இதைச் செய்தால், ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கும்போது உங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் தலைப்பிலும் 150 சொல் எழுதும் பழக்கம் வந்திருக்கும். அதன் மேல் பாடக் கருத்துகளை ஏற்றுவது எளிது. கைடு வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகம் பார்க்க உதவும்.

முகாமுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். விடைக்குறிப்பில் உள்ள குறிப்புகள் இருக்கிறதா என்று தேடித் தேடி, கட்டின் நடுவே கண் களைத்துப் போயிருக்கும் நேரத்தில், கைடு வாக்கியம் எதுவுமே இல்லாத ஒரு பத்தி வரும். கையெழுத்து சுமாராக இருக்கும். வாக்கியங்கள் குட்டையாக, கோணலாக இருக்கும். அந்தப் பத்தியில் பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தி, முழுக்கப் படியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருந்தால், வழக்கமான பத்திக்குத் தருகிற மதிப்பெண்ணை அதற்கும் தாருங்கள். அருகில் உள்ள முதன்மைத் தேர்வாளரிடமும் அதைக் காட்டிப் பேசுங்கள். சொந்தமாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயம்தான் பிள்ளைகளையும் பெற்றோரையும் நம்மையும் கைடுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அந்தப் பயம் வீண் என்று முகாமில் திருத்துகிறவர்களால் மட்டும்தான் காட்ட முடியும்.

புதிய கல்வியாண்டின் முதல் வாரத்தில் பாடப் புத்தகம் எல்லோர் கைக்கும் வந்து சேரச் சில நாள் ஆகலாம். அந்த நாள்களிலேயே முதல் கட்டுரையை எழுத வைத்துவிடுங்கள். இந்தக் கோடை விடுமுறையில் வீட்டில் டீ போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்பது என் பரிந்துரை. எட்டு வாக்கியம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருத்தி